கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அந்தக் கடை வாசப்படியை நான் மிதிச்சா என்னை ஏன்னு கேளு," என்று எதிர்க்கடைத் திறப்பு விழா அன்று கடைக்காரர் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"கேக்கறேன். எதுக்கும் நல்ல செருப்பாப் போட்டுட்டுப் போங்க," என்றாள் அவள்.

இப்போது அதே கடையில், கையில் சோப்புக் கட்டுகளோடு வரிசையில் நிற்கும்போது அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. வேறு வழியில்லை. மொத்த வியாபாரி அவருக்குத் தருகிற விலையைவிட, இந்தத் தள்ளுபடிக் கடையில் சில்லறை விலையே குறைவு. தெருவில் பாதிக் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. "அங்க இருக்கிறதெல்லாம் மட்டச் சரக்கு" என்று அவர் சொன்னதை நம்பி, ஒரு சிலர்தான் இன்னும் அவரிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே வாங்கித்தான் விற்கிறார் என்ற விஷயம் வெளியே தெரிந்தால் அவர்களும் போவார்கள், பின்னாலேயே கடையும் போகும்.

ஆளுக்கு இரண்டு கட்டுதான் என்பது அங்கே சட்டம். சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வந்தார். அடுத்த முறை ஹெல்மெட்டோடு வந்தார். காவலாளி எல்லார் முன்னாலும் அதைக் கழற்றச் சொன்னார். பில் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. அவள் மேசை கண்ணாடிச் சுவர் ஓரமாக இருந்தது. கூட்டம் ஓய்ந்தபோதெல்லாம், கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி, அவர் கடை வாசலையே வெறித்தாள். அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர், தன்னை அடையாளம் கண்டுவிட்டாள் என்றே நினைத்தார்.

ஷாம்பு சரங்களைத் திரைபோலத் தொங்கவிட்டார். கடை பூட்டியிருக்கிறதென்று நினைத்து இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போனதுதான் மிச்சம். அவளோ கழுத்தை வளைத்துப் பார்த்தாள். சரங்களை அவிழ்த்துவிட்டு, ஸ்டூலோடு மாவு மூட்டைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அவள் இன்னும் தவிப்போடு தேடினாள். கடைசியில் எதிர்க்கடையில் அவள் பில் போடும்போது ஒரு சாக்லேட்டை நீட்டிப் பார்த்தார். அவள் மேலே இருந்த கேமராவைக் கண்ணால் காட்டி, வேண்டாமென்று தலையசைத்தாள்.

மறுநாள் மதியம், அவள் சீருடையோடு சாலையைத் தாண்டி அவர் கடைக்கே வந்து நின்றாள். மனைவி பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நெடுநாள் வாடிக்கையான டீச்சர் கையில் சோப்போடு நின்றிருந்தார்.

"அண்ணே..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் கடைக்காரருக்கு நாக்கு முந்திக்கொண்டது.

"ஆமாம்மா, உங்க கடைச் சோப்புதான். விலைச் சீட்டை உரிச்சிட்டு விக்கிறேன். நீ சொல்லி அசிங்கப்படறதுக்கு நானே சொல்லிடறேன்."

டீச்சர் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்துவிட்டு இறங்கி, நேராக எதிர்க்கடைக்குள் போனார்.

மனைவி தலை நிமிரவில்லை. "செருப்பு தேஞ்சப்பவே தெரியும்," என்றாள்.

பில் போடும் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அவள் கண் கடைக்காரரைத் தாண்டி, மாவு மூட்டைப் பக்கம் போனது.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேண்ணே. எங்க கடையில காலையிலேருந்து நின்னுட்டேதான் இருக்கணும்... வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டிருப்பீங்களே, அதுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?"