ஜெஸிக்கு ஒரு பேய் தேவை

ஒத்தக்கடை,
வெள்ளிக்கிழமை காலை.

உசிலம்பட்டியில் இருக்கும் அன்பு மச்சான் ஸ்டீபன் அவர்களுக்கு, ஞானசீலன் தோத்திரத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்கள் தங்கையும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசாமல் கடிதத்தைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பக் காரணம், என் போன்தான் இப்போது ஜெஸியின் கேமரா.

உங்கள் மருமகள் சினிமா படிக்கும் கல்லூரியில் ஒரு திகில் படத்துக்கு டிரெய்லர் எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். படம் வேண்டாமாம், டிரெய்லர் போதுமாம். எந்த வகைத் திகில் என்று ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேசையில் விவாதம். "சைக்கோ கொலைகாரன்னா உங்களக் குத்தணும்ப்பா. பேய்ன்னா நீங்க பாத்து நெஞ்சடைச்சுச் சாகணும். ஜோம்பின்னா செத்துட்டுத் திரும்பி வரணும். எது தோதுப்படும்?" என்றாள். கூடப் படிக்கும் அழகுமலை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜோம்பின்னா மேக்கப்பே வேணாம் அங்கிள்" என்றான். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கவே பயமாயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைச் செயலாளர் தேர்தல். எனக்கு எதிராக இம்மானுவேல் நிற்கிறார். வீட்டுக்கு வீடு முறைவைத்து நடக்கும் வியாழக்கிழமை ஜெபக்கூட்டத்தை, நாலு ஓட்டுக் கூடுமே என்று, முறை மாற்றி நேற்று நம் வீட்டில் நடத்தக் கேட்டு வாங்கியிருந்தேன். வாங்கியவன் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்குப் போதகரும் பன்னிரண்டு பேரும் வேதாகமத்தோடு வந்து கதவைத் தட்ட, திறந்தது ஜெஸி. திருவிருந்து ஆராதனைக்கு உங்கள் தங்கை உடுத்தும் வெள்ளைப் புடவை, விரித்த தலை, வாயோரம் பீட்ரூட் சாறு. பேய் வகைக்கு ஒத்திகையாம். பழகிய பேய்க் குரலிலேயே "உள்ள வாங்க" என்றிருக்கிறாள். நான் பின்கட்டிலிருந்து ஓடி வருவதற்குள் போதகர் அவள் தலைமேல் கை வைத்து, "வெளியே போ!" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கய்யா போறது? இது என் வீடு."

"பாத்தீங்களா, வீடே தன்னோடதுங்குது!" என்று அலறினார் கூட வந்த எஸ்தர் டீச்சர்.

"எம்புட்டு நாளா இங்க இருக்க?" என்றார் போதகர்.

"பத்தொம்பது வருசமா."

எல்லாரும் முழங்கால் போட்டுவிட்டார்கள். "நடிப்பு" என்று நான் வாய் திறந்தபோதெல்லாம், "அண்ணே, பேசாதீக, உங்க மேலயும் பாஞ்சிரும்" என்று என்னையும் இழுத்து முழங்காலில் நிறுத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் ஜெபம். முடிவதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது மச்சான், இத்தனை வருடத்தில் இவள் நம் பேச்சை எப்போது கேட்டாள் என்று. அழகுமலை மட்டும் கேமராவை நிறுத்தவே இல்லை. "பேயோட்டுற வகை அங்கிள், முடிவாயிருச்சு" என்று கை கொடுத்தான்.

இன்று பால்காரர் பாக்கெட்டைக் கேட்டிலேயே மாட்டிவிட்டு ஓடினார். செயலாளர் வைத்திருக்கும் சபைச் சாவி பேய் குடியிருக்கும் வீட்டில் இருக்கலாமா என்று இம்மானுவேல் கேட்கிறாராம். ஜெஸி தாய்மாமனுக்கு மட்டுமே அடங்குவாள். நாளையே வந்து அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி, தனக்குப் பேய் இல்லையென்று ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல வையுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டைச் சகல தீங்குக்கும், விசேஷமாக சினிமாப் படிப்புக்கும், விலக்கிக் காப்பாராக.

நடுக்கத்துடன்,
ஞானசீலன்

பி.கு.: பஸ் நிறுத்தத்தில் போதகர் மறித்தார். அழகுமலை டிரெய்லரை என் போனிலிருந்தே, என் பெயரிலேயே, சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டானாம். "நல்லாத்தான் இருக்கு. என் முகம்தான் சரியா விழல, திரும்ப எடுக்கச் சொல்லுங்க" என்கிறார். எஸ்தர் டீச்சர் இன்னொரு தடவை அலறத் தயாராம். விஷயம் தெரிந்து இம்மானுவேல், தன் வீடு இன்னும் இருட்டு, பேயை அங்கே மாற்றிக்கொள் என்று ஜெஸியிடம் கேட்டிருக்கிறார். அவளும் யோசிக்கிறாள். பன்னிரண்டு ஓட்டும் பேயோடுதான் போகும். ஆகவே மச்சான், மேலே எழுதியதை மறந்துவிட்டு உடனே வந்து, பேயை ஞாயிறு வரைக்குமாவது நம் வீட்டிலேயே இருக்கச் சொல்லவும்.