ஒட்டாத காந்தம் பற்றிச் சம்பந்தியம்மாவுக்கு

மதிப்பும் அன்பும் என்றும் மாறாத சம்பந்தியம்மாவுக்கு,

இங்கு நானும் என் மகளும் தங்கள் மகனும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தி ஐயாவும் சௌக்கியம் என்பது தங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உடம்பில் தெம்பு இல்லாதவர்களால் தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்த முடியாது.

தங்கள் மருமகள் ஓர் இரும்புத் தொட்டியோடு குடும்பம் நடத்துகிறாள் என்றும், தங்கள் பிள்ளை சோற்றுக்கு வழியில்லாமல் துரும்பாய் இளைத்துவிட்டார் என்றும், நான் உடனே கிளம்பிப் போய் ஆராய்ச்சியை விடச் சொல்லி இருவரையும் தங்கள் ஊருக்கே அனுப்பிவைத்தால் மூக்குக்கண்ணாடிக் கடையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஐயா ஓய்வெடுப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அது இரும்புத் தொட்டி இல்லை. படிகத்தைக் குளிரவைத்து அளக்கிற அந்தத் தொட்டிக்குள் ராட்சதக் காந்தம் ஒன்று இருப்பதால் இரும்பு அதன் பக்கத்திலேயே போகக்கூடாது. என் தலையில் இருந்த கொண்டை ஊசிகளை எல்லாம் ஆராய்ச்சிக்கூட வாசலிலேயே பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்ட பிறகுதான் என் மகள் என்னை உள்ளே விட்டாள், நானும் கோவிலுக்கு நேர்ந்துகொண்டவள் மாதிரி தலைவிரிகோலமாய்ப் போனேன். தங்கள் பிள்ளை இளைத்த விஷயம்: சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டையும் போடுவதை அவர் நிறுத்தி வெகு நாளாகிறதாம். சமைப்பதும் அவர்தான், சாப்பிடுவதும் பெரும்பாலும் அவர்தான். மத்தியானம் இங்கே வைத்திருக்கும் தன் கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு என் மகளுக்கு டிபன் டப்பா கொண்டுபோகிறார், அவள் மறந்துபோனால் அதையும் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிட்டு வருகிறார்.

நான் வந்தது என்னவோ தாங்கள் சொன்னபடி அவளைக் கையோடு இழுத்துவரத்தான். எனக்கும் தங்கள் அபிப்பிராயமே. காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து இந்த ஒயரைப் பிடுங்கி அந்த ஓட்டையில் செருகியவள் நான். செருகினால் அந்தப் பக்கம் ஒருவர் "ஹலோ" என்பார், வேலை முடிந்தது. இவள் வேலையில் அந்தப் பக்கம் யாருமே ஹலோ சொல்லக் காணோம். "அப்படி என்னதான்டி பண்றே?" என்று கேட்டேன். சாப்பாட்டு மேசையில் பிஸ்கட்டுகளை ஒற்றை வரிசையாக அடுக்கிக் காட்டினாள்.

"இதெல்லாம் அணு. சாதாரணக் காந்தத்துல எல்லாரும் ஒரே பக்கம் பாத்துட்டு நிப்பாங்க. என் படிகத்துல ஒருத்தன் மேல பாத்தா பக்கத்துல இருக்கறவன் வேணும்னே கீழ பாப்பான். அதனால வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அப்ப அது காந்தமா, இல்லியா?"

"உள்ளுக்குள்ள முழுக்கக் காந்தம்மா."

"வெளிய?"

"ஒரு குண்டூசியக்கூட இழுக்காது."

குண்டூசியை இழுக்காத காந்தத்துக்கு என் பெண் இளமையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் ஒருவர் ஆமாம் என்றால் அடுத்தவர் இல்லை என்பதும், வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குப் பரம அமைதியாகத் தெரிவதும் நம் இரண்டு குடும்பங்களிலும் நடப்பதுதானே என்று தோன்றியதால் மேற்கொண்டு கேட்டேன். இதில் அணுக்கள் எல்லாம் ஒற்றை வரிசையில் நிற்கின்றனவாம். ஒவ்வொருவனும் இடப்பக்கத்துக்காரனிடமும் வலப்பக்கத்துக்காரனிடமும் மட்டும்தான் பேசுவானாம். "நடுவுல ஒருத்தன் கோச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டா போதும், செய்தி அங்கேயே நின்னுடும். சுத்திப் போக வழி கிடையாது. அதனால வரிசை முழுக்க ஒரே முடிவுக்கு வரவே வராது" என்றாள். ஒற்றை லைன், நடுவில் அறுந்தால் அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாதா? ஆனால் ரொம்ப ரொம்பக் குளிரவைத்தால் பக்கத்துப் பக்கத்து வரிசைகள் மெல்லக் கிசுகிசுக்க ஆரம்பிக்குமாம், எல்லா வரிசையும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருகிற இடத்தில் கம்ப்யூட்டர் வரைகிற கோடு ஓரிடத்தில் லேசாக மடங்குமாம். அந்த மடிப்பைத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேடுகிறாளாம்.

மடிப்பு கிடைக்கவில்லை, வால்தான் கிடைத்தது. கோடு ஏறி, ஒரு மேடு கட்டி, இறங்கி ஒழுங்காகப் படுக்க வேண்டிய இடத்தில், கடைசிக் குளிரில் சட்டென்று வால் தூக்கிக்கொண்டது. அவளுடைய பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், அங்கே எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் 'மீசை' என்றுதான் சொல்கிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தால் வேறு பெயர் வைக்க யாருக்கும் மனசு வராது. அந்த வாலைப் பார்த்த மீசை இது உலகமே கண்டிராத புதுச் சங்கதி என்று பெரிய மாநாட்டில் மேடை ஏறி முழங்கிவிட்டார். என் மகள் மட்டும், "அது வால் இல்ல சார், அழுக்கு" என்றாளாம். படிகத்துக்குள் வேண்டாத அணுக்கள் புகுந்து வரிசைகளைத் துண்டு துண்டாக உடைத்திருக்கின்றன, உடைந்த முனைகளில் ஜோடி இல்லாமல் நிற்கிறவர்கள் போடுகிற கூச்சல்தான் அந்த வால் என்பது அவள் கட்சி. "அழுக்குன்னு சொல்றதுக்கு முன்னாடி அது யார் பேர்ல வரப்போற அழுக்குன்னு யோசிச்சுக்கோ. கட்டுரையில உன் பேரும் இருந்தா உனக்கு இங்க வேலை உண்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம் மீசை.

நான் தாயாயிற்றே, "பேசாமப் பேரப் போட்டுட்டு வா, அப்புறம் கௌரவமா வேலைய விட்டுட்டு மாமியார் ஊருக்குப் போகலாம்" என்றேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, தப்பான நம்பர்னு தெரிஞ்சும் நீ கனெக்ஷன் குடுத்திருக்கியா?" என்றாள். சம்பந்தியம்மா, இந்தப் பெண்ணை நான் சரியாகத்தான் வளர்த்திருக்கிறேனோ என்ற சந்தேகம் எனக்கு வந்தது அன்றுதான்.

ஆகவே சுத்தமான புதுப் படிகம் ஒன்றை வளர்த்தாள். வளர்ப்பது என்றால் உலையில் வைத்து, அதன் பக்கத்தில் தும்மக்கூட விடாமல், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆறவிடுவது. பிள்ளைத்தாய்ச்சியைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தது பாதிக் கடுகு. அதைத் தொட்டிக்குள் இறக்கிக் குளிரவைக்கத் திரவ ஹீலியம் என்று ஒன்று வேண்டும். அது ஒரு தடவைக்குத்தான் மிச்சம், அடுத்த லோடு எப்போது வரும் என்பது லாரிக்காரருக்கே தெரியாது.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். பாதிக் கடுகை ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்து, பிளாஸ்டிக் இடுக்கியை எடுக்க அவள் திரும்பினாள். மீசை உள்ளே வந்தார். தாள்மேல் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்து, "ஹூம், இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார். மகள் திரும்பிப் பார்த்தாள். தாள் இருந்தது, படிகம் இல்லை.

"யாரும் அசையாதீங்க!" என்று அவள் போட்ட கத்தலில் நான் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. மீசையும் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். தரையைப் பெருக்க வந்த அம்மாள் மெஷினோடு வாசலில் தலையை நீட்ட, என் மகள் பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு தங்கள் பிள்ளைக்குப் போன் போட்டு, "ஏங்க, லென்ஸ எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!" என்றாள். கண் பரிசோதனைக்கு வந்து பாதி எழுத்துப் படித்துக்கொண்டிருந்த ஒருவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார் மாப்பிள்ளை. ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அவர் முன்னால் தவழ, பின்னால் என் மகள், அவளுக்குப் பின்னால் நான், கடைசியில் ஊர் உலகமெல்லாம் மேடை ஏறிய பேராசிரியர். எல்லோரும் மண்டி போட்டுத் தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஒரு காதணித் திருகு கிடைத்தது, ரொட்டித் தூள் கிடைத்தது, மாப்பிள்ளையின் சட்டையிலிருந்து புதிதாகத் தெறித்த பொத்தான் ஒன்று கிடைத்தது. படிகம் கிடைக்கவில்லை. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளை எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். லென்ஸ் கண்ணிலேயே இருந்தது. மீசை என்னவோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தார்.

"சார், கொஞ்சம் பேசாம இருங்க."

"ஏன்?"

"பேசினீங்கன்னா விழுந்துடும்."

படிகம் மீசைக்குள் இருந்தது, சம்பந்தியம்மா. இடது பக்கம், மூக்குக்குச் சற்றுக் கீழே. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணும் மூக்கு நுனியில் வந்து நிற்க, சிலையாய் நின்றார். மகள் இடுக்கியோடு நெருங்கினாள். நான் அடியில் வெள்ளைத் தாளை ஏந்திப் பிடித்தேன். "ஒரு முடியும் சேந்து வருது" என்றார் மாப்பிள்ளை. "வரட்டும், வரட்டும்" என்று உதடு அசையாமல் சொன்னார் மீசை.

படிகத்தை ஸ்பிரிட்டில் அலசி, தூக்கிக் குழாயில் போட்டு, எங்கே மறுபடியும் பறந்துவிடுமோ என்ற அவசரத்தில் தொட்டியின் மூடியைத் திறந்து குழாயை இறக்கி மூடினாள். பிறகு காத்திருப்புத்தான். கோடு புள்ளி புள்ளியாக நகர்ந்தது. மேடு வந்தது, இறங்கியது. வால் தூக்க வேண்டிய இடம் வந்தது. கோடு சமத்தாகப் படுத்துக்கொண்டது.

"வாலக் காணோம்" என்றார் மீசை.

"அழுக்கக் காணோம் சார்" என்றாள் என் மகள்.

இவளுக்கு வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் துடைத்தார். "உங்களுக்குப் பவர் மாறியிருக்கு சார், ஒருநாள் கடைக்கு வாங்க" என்றார் தங்கள் பிள்ளை. தொழில் பக்தி என்றால் அதுதான். மீசை அவரை முறைத்துவிட்டு, மகளைப் பார்த்து, "கட்டுரைய நானே திரும்ப வாங்கிடறேன். மேடையில சொன்னத மேடையிலேயே இல்லன்னு சொல்லிக்கறேன். வேற என்ன பண்ண?" என்றார். பேயறைந்த முகம், ஆனாலும் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அப்போதுதான் மகள் திரையைத் தொட்டாள். வால் இருந்த காலத்தில் கண்ணில் படாத ஓர் இடத்தில் கோடு லேசாக மடங்கியிருந்தது. மடிப்பு! மீசை துள்ளிக் குதித்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார், "நான் அப்பவே நெனச்சேன்" என்றார், எதை நினைத்தார் என்று யாரும் கேட்கவில்லை. பெருக்கும் அம்மாள்கூட மெஷினை விட்டுவிட்டு வந்து கை தட்டினார். என் மகள் மட்டும் அந்த மடிப்பையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "தேடினது கெடச்சிடுச்சும்மா. இனி எங்க வேணா போகலாம்" என்றாள்.

ஆகவே தங்கள் விருப்பம் நிறைவேறிவிட்டது. மாத முடிவில் இருவரும் தங்கள் ஊருக்கு வந்துவிடுகிறார்கள். மாடி அறையை ஒழித்துவைக்கலாம், கடைப் பலகையில் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லி ஐயாவிடம் சொல்லலாம். நான் வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். ஏனோ நேற்றிலிருந்து சப்பென்று இருக்கிறது. பயண அலுப்பாக இருக்கும்.

தங்கள் இருவருக்கும் நோய்நொடியில்லாத உடம்பும், பேனாவுக்கு வேலை இல்லாத மனசும் வாய்க்கட்டும். ஐயாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டித் தபால் பெட்டிவரை போய்விட்டேன், அதற்குள் மகளிடமிருந்து போன் வந்துவிட்டது. பிரித்து எழுதுகிறேன், உறை கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். அந்த மடிப்பு ரொம்ப அழகாக இருந்ததாலேயே அவளுக்கு மனசு ஆறவில்லையாம். யாரிடமும் சொல்லாமல் போய், மிச்சமிருந்த துளி ஹீலியத்தில் படிகம் இல்லாத காலிக் குழாயை இறக்கிப் பார்த்திருக்கிறாள். "காலிக் குழாயிலயும் அதே மடிப்பும்மா!" என்று சிரிக்கிறாள், கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை. "அப்ப அது என்னடி?" என்றேன். "காத்து! அவசரத்துல மூடியத் தொறந்தப்ப உள்ள போயிருக்கு. அதுல இருக்கற ஆக்சிஜன் குளிர்ல ஒறஞ்சு காந்தத்தனம் காட்டியிருக்கு" என்கிறாள். நாங்கள் அத்தனை பேரும் கட்டிப்பிடித்துக் கொண்டாடியது வெறும் காற்றை, சம்பந்தியம்மா. மீசை கோபித்துக்கொள்ளவில்லை, லாரிக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு இன்னும் பெரிய டப்பா வாங்கப் போயிருக்கிறார். மேலே எழுதிய மாத முடிவு, மாடி அறை, கடைப் பலகை எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். அவர்கள் வரவில்லை. எனக்கும் தொட்டிப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்கள், ஆகவே நானும் இப்போதைக்கு ஊர் திரும்பவில்லை. தாங்களும் ஐயாவும்தான் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். வரும்போது பழம், பலகாரம் ஒன்றும் வேண்டாம், மூச்சை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவும்.