தோசைக்கல்லா, எவர்சில்வரா?

இந்த வூட்ல ஒரு விஷயமாச்சும் என் இஷ்டத்துக்கு நடக்கணும்னு முடிவு பண்ணேன். ராயபுரம் அம்புரோஸ்னா சும்மாவா? ஹார்பர்ல அம்மாம்பெரிய கிரேனே நான் திருப்புனா திரும்பும். பொண்டாட்டி ஐரீன் மட்டும் திரும்ப மாட்டா. அவ திருவொத்தியூர்ல ஒரு ஃபவுண்டரில வார்ப்பு செக் பண்றவ. சின்ன சுத்தியால தட்டி, சத்தத்த வெச்சே விரிசல் கீதா இல்லியான்னு சொல்லிடுவா. வூட்ல என்னையும் அப்பிடித்தான் தட்டிப் பாப்பா.

மேட்டர் இதான். என் பழைய டர்போ டீசல் காருல, இன்ஜின் வுடற சூட்டுப் புகைய டர்போவுக்கு அனுப்புற மேனிஃபோல்டு விரிசல் வுட்டுச்சு. வர்ற வாரம் வேளாங்கண்ணிக்குப் போவணும். ஐரீனுக்கு ஏதோ வேண்டுதலாம், கேட்டா சொல்ல மாட்டேங்கறா. வழியில வண்டி படுத்துக்கினா, கூட வர்ற மச்சான் ஹென்றி என் மானத்த கப்பலேத்திருவான்.

"எவர்சில்வர் பைப்புல பண்ணலாம்மே. பானெட்டத் தொறந்தா பளபளன்னு இருக்கும்."

"பானெட்டுக்குள்ள யாரு குடித்தனம் பண்றா, பாக்கறதுக்கு?"

"உனுக்கு இன்னா தெரியும்?"

"தோசை எதுல சுடறேன்?"

"இரும்புக் கல்லுல."

"எவர்சில்வர் தட்டுல சுட்டுத் தரட்டா? யோவ், அவ்ளோ கனமான டர்போ அதுலதானே தொங்குது? மெல்லிசு பைப்பு சூடேறி ஆறி, சூடேறி ஆறி, வெல்டிங்குல பிட்டுக்கும். வார்ப்பிரும்புதான் தாங்கும். சூட்டையும் புட்ச்சு வெச்சுக்கும்."

"சரி, வார்ப்பே போட்டுர்றேன்" அப்டின்னுட்டு, நேரா கொருக்குப்பேட்டை மெக்கானிக் அமீருதீன் பாய்கிட்ட போனேன். "எவர்சில்வரே மாட்டு பாய். மேல கறுப்பு பெயின்ட்டு அட்ச்சுடு." பாய் சிரிச்சிகினே தலையாட்டுனாரு.

கெளம்புற அன்னிக்கு ஐரீன் பானெட்டத் தொறந்து, ஸ்பூனால ஒரு தட்டு தட்டுனா. "ம்" அப்டின்னா. ஏமாந்துட்டாடா சாமி!

ஆனா வண்டி கெளம்புனதும் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டர்போ பிட்டுக்கினு விழற மாதிரியே கீது. பின்சீட்டுல ஹென்றி, "இன்னா மாமா, ஏசி போட்டும் வேர்க்குது?" அப்டிங்கறான். மாதாவே, கரை சேத்துருன்னு வேண்டிகினே ஓட்டுனேன்.

சேந்துட்டோம். கோயில் வாசல்ல வண்டிய நிறுத்திட்டுத்தான் மூச்சே வுட்டேன்.

"பாத்தியா, எவர்சில்வரு எப்டி தாங்குச்சு?"

"அது வார்ப்புய்யா."

"இன்னாது?"

"நீ எதுத்துப் பேசாம 'சரி'ன்னு சொன்னப்பவே டவுட்டு. உடனே பாய்க்கு போன் போட்டேன். அந்தாளு இன்னா சொன்னாலும் தலையாட்டு, வார்ப்பையே மாட்டுன்னேன்."

கோவம் வரணுமே, வரல. அப்பாடான்னு இருந்துச்சு. திரும்பிப் போறப்ப நிம்மதியா ஓட்டலாமே!

அந்த சந்தோஷத்துல அவ பின்னாடியே காணிக்கைக் கடைக்குப் போனேன். கை, காலு, கண்ணுன்னு எது கொணமாவணுமோ அந்த உருவத்த வாங்கி மாதாவுக்குப் போடுறது வழக்கம். ஐரீன் ஒரு தலைய எடுத்தா. ஆம்பளத் தலை.

"யாருக்குமே? வெள்ளியா?"

அவ அத்த வெரலால தட்டிக் காமிச்சா. டொய்ங்னுச்சு.

"தகரம். வரிசையா தட்டிப் பாத்தேன், இதுதான் உன் தலை மாதிரியே சத்தம் வந்துச்சு."