பெருக்கல்காரர் சாப்பிட வருகிறார்

மனிதர்களில் கூட்டுகிறவர்கள் உண்டு, கழிக்கிறவர்கள் உண்டு, என்னை மாதிரி மாதக் கடைசியில் வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. இவர்களில் யாரோடும் சேராத உயர்ந்த இனம் ஒன்று இருக்கிறது. பெருக்கல்காரர்! நகர் நடுவே ஒரு பேஸ்பால் மைதானமும் அதன் பக்கத்தில் கொஞ்சம் காலியிடமும் இருந்தால் போதும், அங்கே இவர் முளைத்துவிடுவார். காலியிடம் என்றதும் புல் முளைத்த மனையை நினைத்துவிடாதீர்கள். அங்கே ஆள் இருக்கலாம், கடை இருக்கலாம், அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்கலாம். இவர் கண்ணுக்கு அது காலி.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆற்றங்கரையோரம் இருக்கும் எங்கள் ஊரில் இவருக்கு டுவைட் கெஸ்லர் என்று பெயர். தொழில் இன்ஷூரன்ஸ். மற்ற நேரமெல்லாம் ஊர் முன்னேற்றக் குழுவின் தலைவர். எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். அவர் டையிலும் கொக்கு, காரிலும் கொக்கு. ஆனால் ஆட்டத்தில் கொக்குகள் ஜெயித்தார்களா என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. அவர் பார்ப்பது ஆட்டத்தை அல்ல, ஆட்டம் பார்க்க வந்தவர்களின் பாக்கெட்டை.

அவருடைய தலைமைச் செயலகம் மைதானத்து வாசலுக்கு எதிரே இருந்த லொரெட்டாவின் சாப்பாட்டுக் கடை. தினமும் மதியம் அங்கே வருவார். முட்டைகோஸ் இலையில் இறைச்சியும் சோறும் வைத்துச் சுருட்டி, தக்காளிக் குழம்பில் வேகவைத்து லொரெட்டா தருவதில் மூன்று உருண்டைகளை உள்ளே தள்ளிவிட்டு, டிஷ்யூ காகிதம் ஒன்றை உருவி, பேனாவைத் திறப்பார். ஒரு வட்டம் போடுவார். அது மைதானம். சுற்றி ஏழெட்டு வட்டங்கள். அதுதான் கேளிக்கைப் பேட்டை: மதுக்கடைகள், பெரிய திரை, பாட்டு மேடை, ஓட்டல், ஏன் என்று யாருக்கும் தெரியாத ஒரு நீரூற்று.

"ஒரு குடும்பம் ஆட்டம் பாக்க வருதுன்னு வச்சுக்க. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க. இப்ப என்ன பண்றாங்க? ஆட்டம் முடிஞ்சதும் கார எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறாங்க. விடலாமா?"

ஏதோ ஜெயிலிலிருந்து தப்பியவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் கேட்பார். விடக் கூடாது. பேட்டையில் மடக்கி, பீர் வாங்க வைத்து, ஓட்டலில் தங்க வைத்தால், ஓட்டலில் படுக்கை விரிக்கிற பெண்ணுக்குச் சம்பளம் வரும், அவள் செருப்பு வாங்குவாள், செருப்புக் கடைக்காரர் மகளுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுவார், பல் டாக்டர் படகு வாங்குவார், படகு விற்றவர் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருவார். போன டாலர் ஏழு டாலராகத் திரும்பி வந்து நிற்கும்!

ரிடையரான பஸ் டிரைவர் ஆர்வில் ஒருநாள் பக்கத்து ஸ்டூலிலிருந்து கேட்டார். "அந்தக் குடும்பம் இங்க வரலேன்னா சினிமாவுக்குப் போயி இதே காச நம்ம ஊர்லதானேய்யா செலவு பண்ணும்?"

"யோவ் ஆர்வில், நீ பொருளாதாரம் படிச்சிருக்கியா?"

"இல்ல."

"நானும்தான் படிக்கல. ஆனா நான் நல்லதா நெனைக்கிறேன்."

ஆர்வில் காபியைக் குடித்தார்.

பிறகு ஒருநாள், பேட்டை எப்படி இருக்கும் என்று காட்டும் பெரிய வண்ணப்படம் வந்தது. பெருக்கல்காரர்களின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே எப்போதும் அந்தி நேரம். மழை இல்லை, பனி இல்லை, குண்டானவர் ஒருவர்கூட இல்லை. நடுவில் பலூனோடு ஒரு சிறுமி கட்டாயம் உண்டு. லொரெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தேடினாள்.

"ஏன்யா டுவைட், இதுல என் கடை எங்க?"

"இந்தப் பொண்ணு நிக்கிறா பாரு, அங்கதான்."

"அவ என் அடுப்பு மேல நிக்கிறா."

"பக்கத்துல பாரும்மா. 'உள்ளூர் ருசி'ன்னு ஒரு கடை. அப்படியே உன் கடை மாதிரியே இருக்கும். மொத இடம் உனக்குத்தான்."

"என் கடையே இப்ப என் கடை மாதிரிதானே இருக்கு?"

கடை அவளுடையது, கட்டடம் அவளுடையது அல்ல. கட்டடத்தின் சொந்தக்காரர் ஃப்ளோரிடாவில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். நல்ல விலை வந்ததும் அங்கிருந்தே தலையாட்டிவிட்டார். நகர சபையும் ஆதரவாகக் கைதூக்கியது. டுவைட் ஏமாற்றுக்காரர் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அவர் சொன்னதையெல்லாம் மனதார நம்பினார். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

பூமி பூஜைக்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. தார் போட்ட தரையைத் தோண்ட முடியாது என்பதால் மரப்பெட்டி நிறைய மணலைக் கொண்டுவந்து கொட்டி, தலையில் எதுவுமே விழ வாய்ப்பில்லாத பெரிய மனிதர்களுக்கு ஹெல்மெட் மாட்டி, ஆளுக்கொரு தங்க நிற மண்வெட்டியைக் கொடுப்பார்கள். அன்று லொரெட்டாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். தன் கடை வாசலில், தன் கடை போவதற்காக, சிரித்தபடி அவள் மணலை அள்ளினாள். படம் எடுத்து முடிந்ததும், "இத நானே வச்சுக்கலாமா?" என்று கேட்டாள். வாடகைச் சாமான் என்று வாங்கிக்கொண்டார்கள்.

பேட்டை எழும்பியது. பொய் சொல்லக் கூடாது, ஆட்ட நாளில் கூட்டம் அம்முகிறது. ஆனால் கொக்குகள் பாதி ஆட்டத்தை வெளியூரில் ஆடுவார்கள். குளிர்காலத்தில் ஆடவே மாட்டார்கள். 'உள்ளூர் ருசி'க்குச் சொன்ன வாடகையைக் கேட்டு லொரெட்டா கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டாள். வேறு மாநிலத்துக் கம்பெனி ஒன்று அதை எடுத்தது. அவளுடைய பழைய பெயர்ப்பலகையைச் சுவரில் அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். வெளியூர் விருந்தாளிகளுக்கு டுவைட் அதைப் பெருமையாகக் காட்டுவார்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்குப் பசித்தது. பேட்டை முழுக்க நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நீரூற்றில் தண்ணீர் இல்லை. அவர் கண்ணெதிரே அந்தி நேரமும் இல்லை, பலூன் சிறுமியும் இல்லை. காரை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்கு வந்தார். அங்கே டயர் கடைக்குப் பின்னால் ஐந்தாறு மேசை போட்டு லொரெட்டா மறுபடி கடை வைத்திருக்கிறாள். நானும் ஆர்வில்லும் அங்கேதான் இருந்தோம். இந்தத் தடவை அவர் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரும் என்று நான் மடத்தனமாக எதிர்பார்த்தேன்.

"வழக்கம்போலவா, கண்ணு?" என்றாள் லொரெட்டா.

மூன்று உருண்டையும் உள்ளே போயின. கண் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. கை டிஷ்யூ காகிதத்தை உருவியது.

"லொரெட்டா, இந்த டயர் கடைக்காரன் எடத்துல மட்டும் ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கம் வந்துச்சுன்னா..."

லொரெட்டா டிஷ்யூ பெட்டியைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவள் கடையில் யார் வாய் துடைப்பதானாலும் துணிதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் பக்கம் இப்படி ஒருவரும் இல்லை என்று நிம்மதியாகவும் இருக்கிறீர்கள். இருங்கள். டயர் கடைக்குப் பின்னால் என்று நான் சொன்னதும், அந்தப் பக்கம் இடம் என்ன விலை போகும் என்று ஒரு நொடி நினைத்தீர்களா, இல்லையா? அந்தப் பேனாவைக் கீழே வையுங்கள்.