வெற்றிலைத் தட்டும் ஹெவிவெயிட் பட்டமும்

மாண்ட்ரியல், மார்ச் 1971

அன்புத் தங்கை அம்புஜத்துக்கு அக்கா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே பனி இன்னும் கரையவில்லை, நானும் அப்படியே இருக்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகன் சண்முகவேல், மருமகள் அனுசூயா, பேத்தி வசுமதி, லவாலிலிருந்து பெண் பார்க்க வந்த டாக்டர் ஜம்புநாதன், அவர் சம்சாரம், பிள்ளை ரவிசங்கர். நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் நம்பாதே, யார் எந்த நாற்காலி என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

பிள்ளை தங்கம். வசுமதி தலைகுனிந்து சிரித்ததை நானே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தாம்பூலம் மாற்றிவிடலாம் என்று, லண்டனிலிருந்து ஒருவர் கொண்டுவந்த வெற்றிலையைத் தட்டில் வைத்து அனுசூயா நீட்டப் போகிறாள், அந்த வாரம் அமெரிக்காவில் நடந்த பெரிய குத்துச்சண்டையைப் பற்றி டாக்டர் வாயைத் திறந்தார், உலக ஹெவிவெயிட் பட்டம் எப்போது பிறந்தது தெரியுமா என்றார், 1885இல் சல்லிவன் என்பவன் கையுறை மாட்டிக்கொண்டு புது விதிப்படி ஜெயித்தானே, அன்றைக்குத்தான் என்று பதிலையும் அவரே சொன்னார், நம்ம சண்முகவேல் சும்மா இருக்கலாமில்லையா, "அது சீக்கிரமே முடிஞ்ச ஆட்டம் சார், அதுக்கு ஏது உலகப் பட்டம்? தொண்ணூத்திரண்டுல கார்பெட் அந்த சல்லிவனையே படுக்க வச்சான் பாருங்க, அதுதான் ஆரம்பம்" என்றான்.

"அப்ப சல்லிவன்கிட்ட இல்லாத பட்டத்தையா கார்பெட் பறிச்சான்?" என்றார் டாக்டர். நியாயமான கேள்விதான், ஆனால் கேட்கிற நேரமா அது. இருவரும் எழுந்து நின்று முஷ்டியை மடக்கிக் காட்ட, அனுசூயா தட்டோடு நடுவில் நிற்க, "ராகுகாலம் வருதுடா" என்று நான் கத்த, "அஞ்சு நிமிஷம்மா, இதை முடிச்சிடறோம்" என்றான், மணி நாலரை அடித்தது. அதற்கப்புறம் எப்படித் தட்டு மாற்றுவது? ராகுகாலம் போகும்வரை இருங்கள் என்று கெஞ்சினேன். "என்னைப் பொய்யன்னு சொன்ன வீட்ல காப்பிகூட குடிக்க மாட்டேன்" என்று டாக்டர் கோட்டை மாட்டினார். ரவிசங்கர் வாசலில் திரும்பிப் பார்த்தான், அப்பா கதவைச் சாத்திவிட்டார். வசுமதி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. வெற்றிலை ஃபிரிட்ஜில் வாடிக் கிடக்கிறது, எறிய மனம் வரவில்லை.

சண்முகவேல் வெள்ளை மனசுக்காரன், தெரிந்ததைச் சொன்னான், அவனைத் திட்டி எழுதாதே. குற்றமெல்லாம் அந்த டாக்டருடையது. உன் வீட்டுக்காரருக்கும் குழந்தைகளுக்கும் குறையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா தையல்நாயகி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டாக்டர் போன் செய்தார், சண்முகவேல் எடுத்தான். அவர் குரல் எனக்கே கேட்டது. "லைப்ரரில பாத்தேன், உங்க வருஷத்தையும் சிலபேர் ஒத்துக்கறாங்க. ரெண்டுமே சரின்னு வச்சுக்கலாம் சார், வர்ற ஞாயிறு காலையிலேயே வந்துடறோம்" என்றார். வசுமதி அடுப்படியிலிருந்து ஓடி வந்து நின்றாள். என் பிள்ளை, "ரெண்டும் எப்படி சார் சரியாகும்?" என்றான். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். மேலே டாக்டரைப் பற்றி எழுதியதை அடித்துவிடு. நான் சாகும்வரை மன்னிக்கப் போகாதவன் ஒருவன்தான்: சண்முகவேல்.