சும்மா கிடக்கும் ஓடைக்கரை வயல் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. இங்கே நலமில்லை. உங்கள் நலத்தை அறிய இப்போதைக்கு ஆவலும் இல்லை. தங்கையையும் குழந்தைகளையும் மட்டும் கேட்டதாகச் சொல்லவும்.

போன கோடையில் எங்கள் வீட்டு நாற்காலியில் மண்வளத் துறை அதிகாரி தோரணையோடு சாய்ந்துகொண்டு என்ன சொன்னீர்கள்? "ஓடைக்கரை வயல உழாம விட்டுடுங்க மச்சான். புல்லு வளரட்டும், மண்ணு நிக்கும், பறவை வரும். சும்மா இருக்கறதுக்கு அரசாங்கமே மானியம் குடுக்கும்." இந்த வீட்டுக்குச் சோறு போட்டது அந்த ஒரு வயல்தான். உங்கள் பேச்சை நம்பி அந்த மானியத் திட்டத்தில் சேர்ந்து விதைக்காமல் விட்டேன். சும்மா இருப்பதைப் போல முதுகை ஒடிக்கிற வேலை வேறு இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

புல் இடுப்பளவு வளர்ந்தது. அதன் விதை பறந்து வந்து தன் பாத்தியில் முளைக்கிறது என்று பக்கத்து வெங்காயத் தோட்டக்காரி தினமும் வரப்பில் நின்று ஏசினாள். புல்லிலிருந்து கிளம்பிய பாம்பு ஒன்று எங்கள் குளியலறைக்கே வந்துவிட, என் மனைவி தலை நிறையச் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தாள். அதற்குப் பிறகுதான் நடக்கிற அகலத்துக்குக் கொஞ்சம் புல்லை வெட்டினேன். எங்கிருந்து மோப்பம் பிடித்தார்களோ, முழங்கால் வரை பூட்ஸ் போட்ட ஒரு ஆய்வாளர் அம்மா வந்து நின்றார்.

"யாருங்க வெட்டினது?"

"நான்தாம்மா. நடக்க வழி வேணாமா?"

"இனப்பெருக்கக் காலத்துல வெட்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் என் மனைவி நின்றாள். நான் என்னத்தைக் கண்டேன்? பறவைக்காம். மானியத்தை நிறுத்திவிட்டார்கள்.

சரி, நேரில் போய்ப் பேசலாம் என்று ஆபீசுக்குப் போனால் அங்கே இன்னொரு கூத்து. வானத்திலிருந்து எடுத்த படத்தில் என் வயலோரம் நீலமாக ஒரு கட்டடம் தெரிகிறதாம். "சார், அது எங்க வீட்டுப் போர்வை. என் சம்சாரம் புதர் மேல காயப்போட்டிருந்தா" என்றேன். "போர்வைன்னா இப்ப எடுத்த படத்துல ஏன் இல்ல?" என்றார் அங்கிருந்த அதிகாரி. "காஞ்சிடுச்சு, எடுத்துட்டோம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அப்போ அனுமதி இல்லாம இடிச்சிருக்கீங்க" என்றார். மாப்பிள்ளை, கட்டாத கட்டடத்தை இடித்ததற்கு நான் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பயிரும் இல்லை, பணமும் இல்லை. வயிற்றெரிச்சல் மட்டும் நன்றாக விளைந்திருக்கிறது.

ஆகவே திட்டத்திலிருந்து விலகுகிறேன். டிராக்டர்காரரிடம் சொல்லியாகிவிட்டது. புல், பறவை, பாம்பு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டு விதைக்கப் போகிறேன். இனி இந்த வீட்டுக்கு வந்தால் சாப்பிடுங்கள், தூங்குங்கள். யோசனை மட்டும் சொல்லாதீர்கள்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கும் தந்திருப்பேன், கையிருப்பில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. ஓடை கரை மீறிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எல்லார் வயலிலும் மேல்மண் வழித்தெடுத்த மாதிரி போய்விட்டது. என் வயலில் புல் படுத்துக் கிடக்கிறது, ஒரு பிடி மண் நகரவில்லை. போதாததற்கு வெங்காயத் தோட்டத்து மண்ணும் வந்து என் புல்லில் சிக்கி நிற்கிறது. டிராக்டரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காலையில் தோட்டக்காரி வந்து, "அண்ணே, அந்தத் திட்டத்துல சேர யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். உங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். மண்ணையும் திருப்பிக் கேட்கிறாள். அதையும் நீங்களே வாங்கித் தருவீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். மத்தியான பஸ்ஸில் கிளம்புகிறாள்.