நியூட்ரல் இல்லாத சுருதி

சுருதிப்பெட்டியின் மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை குப்பென்று அடித்தது. வயர்மேன் அவசரமாக சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். மூச்சுப் பேச்சில்லை.

‘போச்சுடா! கை வைத்ததுமே எரித்துவிட்டேனே!’

பாட்டு வகுப்பு நடக்கும் அறையின் சாத்திய கதவுக்கு வெளியே கேட்கும்போது சுருதி லேசாக இரைகிறதே, மனைவிக்குத் தெரியாமல் சரிசெய்து வைப்போமே என்று ஆசைப்பட்டது ஒரு குற்றமா? மிக்ஸியைக் கழற்றி மாட்டிய அன்றே அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: “இனிமே என் சாமான்ல கை வச்சீங்க, நடக்கிறதே வேற!”

மிக்ஸியாவது வேறு வாங்கலாம். இது பாட்டு டீச்சராக அவள் வாங்கிய முதல் சம்பளத்தில் வந்த பெட்டி. கடைக்குப் போனவள் ஐந்து மணி வகுப்புக்கு வந்துவிடுவாள். மணி நாலு.

வெளியூரில் ஒலிப்பதிவு படிக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

“அம்மா வர்றதுக்குள்ள கம்ப்யூட்டர்ல சுருதி வரவைக்க முடியுமாம்மா?”

அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது.

“முடியும்பா. அம்மா லேப்டாப்பைத் திறங்க. அதுக்குன்னே ஒரு புரோகிராம் அதுல இருக்கும். டைப் பண்ற வேலையே இல்ல. எல்லாம் கட்டம்தான். ஒரு கட்டம் சத்தம் போடும், ஒண்ணு கூட்டிக் குறைக்கும், ஒண்ணு ஸ்பீக்கர். கோடு இழுத்துச் சேர்க்கணும்.”

“கோடுன்னா வயரா?”

“வயர்னே வச்சுக்கோங்க.”

“அட, முப்பது வருஷமா நான் வேற என்னத்தைப் பண்றேன்!”

சேர்த்தார். சத்தம் வரவில்லை.

உற்றுப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்தது. போகிற வயர் மட்டும்தான் இருக்கிறது. திரும்பி வருகிற வயரைக் காணோம். நியூட்ரல் இல்லாமல் எந்த ஊரில் லைன் ஓடும்? படித்தவர்கள் வேலை இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கே ஒரு கோடு இழுத்தார்.

ஊஹும். லோடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு சத்தக் கட்டங்களைப் போட்டு த்ரீ ஃபேஸ் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் மறக்காமல் ஒரு நியூட்ரல்.

“அப்பா, மேல ஒரு சுவிட்ச் இருக்குமே, ஆன் பண்ணீங்களா?” என்றாள் மகள்.

இதே கேள்வியைக் கேட்டு எத்தனை வீட்டுக்காரர்களின் மானத்தை வாங்கியிருக்கிறார்!

“அது... இப்பத்தான் போடப்போறேன்.”

மகள் சொன்னபடி வயர் சேர்க்கிற நிலையை மாற்றிவிட்டுப் போட்டார். வீடே ஊளையிட்டது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“திரும்பி வர்ற கோட்டை எல்லாம் எடுங்கப்பா! போன சத்தமே மறுபடி உள்ள போய்க் கத்துது!”

“எல்லாம் ஒரே கலர்ல இருக்கே! எது ஃபேஸ், எது நியூட்ரல்?”

“அப்ப சுவிட்சை அணைங்க!”

“எங்கம்மா அணைக்கிறது? தொட்டா ஓடுது!”

“கோட்டை எடுக்கப் போய் மறுபடி வயர் சேர்க்கிற நிலைக்கு வந்துட்டீங்க! அதுல சுவிட்ச் அமுங்காது, நகரத்தான் செய்யும்!”

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஓடிப்போய் மெயினை இறக்கினார். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் அடங்கியது. பேட்டரியில் இருந்த லேப்டாப் மட்டும் நிம்மதியாக ஊளையிட்டது. தலையணையைப் போட்டு அமுக்கினார். ஊளை அடித்தொண்டைக்கு இறங்கியது.

கதவு திறந்தது. வாசலில் மனைவி, அவள் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு ஆறு பிள்ளைகள்.

அவர் தலையணையை விட்டுவிட்டு எழுந்தார். கண் கலங்கிவிட்டது.

“உன் சுருதிப்பெட்டிய நான்தான் எரிச்சுட்டேன். மன்னிச்சுடும்மா.”

மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கடைசியில் நின்ற சின்னப் பெண்ணுக்குத்தான் பாவமாக இருந்தது.

“அழாதீங்க அங்கிள், அது போன மாசமே எரிஞ்சுபோச்சு, டீச்சர் இந்தக் கட்டம் எல்லாம் கத்துக்கிட்டு லேப்டாப்லதான் சுருதி வைக்கிறாங்க, உங்களுக்குத் தெரிஞ்சா சரிபண்ண வந்துடுவீங்கன்னு எங்க யாரையும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க!”